மூன்றாவது தாங்கியின் கால்கள்

1995 யூலை 12, புதன்கிழமை. ஆபிரிக்காவிலிருந்து வரும் சூடான காற்றுக்குப் பயந்து இத்தாலியின் பலெர்மோ நகரம் சாளரங்களை அடைத்திருந்தது.

"கீழை வா, இன்னும் கீழை வா," என்று சிவமலர் கணினித் திரையை அதட்டிக்கொண்டிருந்தார். நிரல் ஓடும்போது அதனோடு கதைப்பது அவர் வழக்கம். காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், பணக்கார இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைப்பார். பிற்பகலில், வியா மக்வேதா என்ற தெருவின் பின்சந்திலுள்ள அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றுமுன் கணினியைத் திறப்பார்.

யாழ்ப்பாணத்தவரான இவர் கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். இரும்புப் பட்டறைக்காரர் சால்வோ அவருக்கு மூன்று வேலைகள் தந்திருந்தார்: மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிகளைச் சுமக்கும் சட்டங்கள், சிறியது, நடுத்தரமானது, பெரியது. சட்டம் முறியவும் கூடாது, இரும்பு வீணாகவும் கூடாது. கால்களின் தடிப்பை மாற்றி மாற்றிப் பார்த்து, எடையைக் கீழே இறக்கி இறக்கி, பாரம் தாங்குபவற்றுள் மிக இலேசானதை நிரல் தேர்ந்தெடுக்கும்.

"இது மாடு மாதிரி, மாஸ்ரர். கயிறு கட்டாட்டி அயல் வளவெல்லாம் மேயும்." ஊரில் வாத்தியாராயிருந்து, அதே சந்தில் குடியிருந்த என்னிடம் இப்படிச் சொல்வார். கயிறு என்று அவர் சொல்வது, நிரல் மீறக்கூடாத எல்லைகளை.

மூன்றும் சரிவந்தால் பட்டறையில் பதிவுள்ள வேலை. அந்த ஒப்பந்தமின்றிப் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படாது.

ஒவ்வொன்றுக்கும் புதிதாக நிரல் எழுதமாட்டார். முந்தையதைப் பிரதிசெய்து எண்களை மாற்றுவார். "முதற்பால் எடுத்த தேங்காய்ப்பூவிலை ரெண்டாம்பாலும் எடுக்கலாம்தானே," என்று சிரிப்பார்.

அன்று மூன்று விடைகளையும் ஒன்றாகத் திரையில் வரவழைத்தவர் திடீரென்று திரைக்கருகே குனிந்தார். நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் கால்கள் ஒரே தடிப்பு.

"ஐயோ! பெரியதுக்குத் தண்ணிப் பாரத்தை மாத்தேல்லை!"

பெரிய சட்டம் முதல்நாளே வுச்சீரியாச் சந்தைப் பகுதியில் ஒரு வீட்டுமாடியில் ஏறிவிட்டது. அன்று மாலை தாங்கியில் நீர் நிரப்புவார்கள்.

தொலைபேசி பக்கத்து அறை றோசமலரிடம் இருந்தது; சிவமலர் அங்கே ஓட, நானும் பின்னால் போனேன். விஷயத்தைக் கேட்ட றோசமலர் தொலைபேசியைக் கையால் மூடி மறித்தார். "எடி பிள்ளை, விசரே உனக்கு? நாளைக்குக் கையெழுத்து வைக்கப்போற மனிசனிட்டை ஆரும் இதைச் சொல்லுவினமே? இரும்பு தாங்கும்."

"தாங்காது அக்கா. அதுக்குக் கீழை சனம் இருக்குது. விடுங்கோ."

சிவமலர் சால்வோவின் எண்களைச் சுழற்றினார். தாங்கியில் ஒரு சொட்டு நீரும் விடவேண்டாம் என்று அவர் இத்தாலிய மொழியில் சொன்னதும், சால்வோவின் குரல் எங்களுக்கும் கேட்குமளவு உயர்ந்தது: "ஏன்? என் பையன்கள் இரும்பை ஒழுங்காக ஒட்டவில்லையா?"

றோசமலர் ஆமென்று சொல்லும்படி வேகவேகமாகத் தலையாட்டினார்.

"இல்லை," என்றார் சிவமலர். "ஒட்டு நல்லது. என் கணக்குத்தான் பிழை."