நிலாவை ஆட்டியது என் கை இல்லை

அண்ணன் கல்யாணப் படம் எடுப்பதை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போகிறார். இன்று அவருடைய கேமராவை விற்க ஈப்போ நகரில் ஒரு கேமரா கடைக்குப் போனோம்.

அதில் நான் எடுத்த நிலாப் படங்களைக் கடைக்காரர் பார்த்தார். எல்லாமே மங்கல்.

"இவ கை நடுங்குது லா. ஆடாம இருக்கணும்னு ஸ்டாண்டுல அரிசிப் பையெல்லாம் கூட கட்டித் தொங்கவிட்டுப் பாத்தா," என்று அண்ணன் சிரித்தார்.

"கை இல்ல தங்கச்சி," என்றார் கடைக்காரர். "பட்டன அமுக்குனா உள்ள இருக்கிற கண்ணாடி துள்ளும், அதுல கேமராவே ஆடிடும். மொதல்ல அதத் தூக்கி வெச்சிட்டு, ஆட்டம் நின்னப்புறம் எடுக்கணும். இந்தா, மெனுவுலேயே இருக்கு பாரு."

இன்னும் ஒரே ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளட்டுமா என்று அண்ணனிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் கேமரா கடை அலமாரிக்குள் போய்விட்டது.

அதை வாங்கப் போகிறவரே, கண்ணாடியை முதலில் தூக்கிவிடுங்கள். பிறகு நிலாவை எனக்கும் கொஞ்சம் காட்டுங்கள்.