தெப்ராவ் நெரிசலில் ஸ்பானிய வினைச்சொற்கள்

என் மனைவி சரோஜாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில். பார்வை நேரம் முடிந்து நான் எழுந்தபோது, "ஞாயித்துக்கிழமை பேத்தி போன் பண்ணா நீங்க பேசுங்க. சும்மா சிரிச்சிக்கிட்டே உக்காந்திருக்காதீங்க," என்றாள்.

பேத்தி, என் மகளோடும் ஸ்பானிய மருமகனோடும் ஸ்பெயினில் இருக்கிறாள். ஐந்து வயது. அப்பாவின் மொழிதான் வரும். அவளுக்காக சரோஜா அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள், நான் கற்கவில்லை. சரோஜா போனபின் இரண்டு வாரம் என் சிரிப்பைப் பார்த்த குழந்தை, மூன்றாம் வாரம் போன் பக்கமே வரவில்லை.

தெப்ராவ் சாலையில் ஓடும் என்னைப் போன்ற டாக்சிக்காரனுக்கு நெரிசலில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. படிக்க ஆரம்பித்தேன். 'நீ வரணும்', 'நல்லா தூங்கணும்' என்று ஆசையைச் சொல்ல அங்கே வினைச்சொல்லுக்குத் தனி உருவம். அதில் பல எந்த விதிக்கும் அடங்காதவை. தாத்தாவுக்குப் பேத்தியிடம் சொல்ல ஆசையை விட்டால் வேறென்ன இருக்கிறது? வயதான காலத்தில் வேற்று மொழியோடு மல்லுக்கட்டுகிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பாயா, பாயாஸ்

ஒருநாள் சிக்னலில் நின்றபடி, 'போக' என்ற சொல்லை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்: "பாயா, பாயாஸ், பாயா, பாயாமோஸ்..." பின்சீட்டில் ஓர் அம்மா, கோயிலுக்குப் போகிறவர். மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கும்போது கைகூப்பினார். "எந்த சாமிக்குன்னு மட்டும் சொல்லுங்க ஐயா, நானும் சேர்ந்து கும்பிட்டுக்கிறேன்."

ரஹீமின் தீர்ப்பு

ஸ்டியரிங் நடுவில் சின்னச் சின்னத் தாளாக ஒட்டியிருந்தேன். தினம் ஒரு சொல். எல்லாம் மனப்பாடம். ஆனால் ஞாயிறு வந்து போன் திரையில் மகள் முகம் தெரிந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தமிழில் நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். கூட டாக்சி ஓட்டும் ரஹீமிடம் தேத்தண்ணீர்க் கடையில் இதைச் சொன்னேன். எட்டி என் காருக்குள் பார்த்தான். "ஸ்டியரிங்குக்கே பாடம் வந்திருக்கும்லா அண்ணே. உங்களுக்குத்தான் இன்னும் வாய் வரல."

பத்து பாகாட் சவாரி

அடுத்த ஞாயிறு மாலை பத்து பாகாட் ஊருக்கு ஒரு சவாரி. போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. பின்னால் இருந்த சீன அம்மா யாரென்று கேட்டார். பேத்தி என்றேன். ஓரமாக நிறுத்தி எடுக்கச் சொல்லி, அவரே கதவைத் திறந்து இறங்கி நின்றுகொண்டார்.

இனி வழியில்லை, எடுத்தேன். மகள் போனைத் திருப்பினாள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து ஓடப் பார்த்தது. "கியேரோ கே பெங்காஸ்," என்றேன். நீ வரணும்னு ஆசையா இருக்கு. குழந்தை நின்றது. திரும்பி வந்து திரை முழுக்க முகமாக நின்று அதே மொழியில் கேட்டது:

"வந்தா பாட்டி இருப்பாங்களா?"

படித்த ஆசைச் சொல் எதுவும் அதற்கு உதவவில்லை. "இல்லை," என்றேன்.

அடுத்த கேள்வி வந்தது: "அப்போ வீட்டுல நீங்க யாரோட பேசுவீங்க?"

இத்தனை நாள் உருப்போட்டதில் நான் கண்ட லாபம், எங்கள் வீட்டில் இப்போது ஸ்பானிய மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.