கவ்வாத்துச் சாமி காத்த காசித்தும்பை

செடி சேகரிப்பது என் தொழில். மலையேறி, பூவோடு ஒரு கிளையை வெட்டி, தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, எடுத்த இடத்தை எழுதி ஆய்வகத்து அலமாரியில் வைக்க வேண்டும். அலமாரியில் இல்லாத செடி நாட்டிலேயே இல்லை என்பதுபோலத்தான் பேசுவார்கள். படம் பிடித்துக் காட்டினால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நான் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் எடுத்தபோது, தேயிலையைத் தவிர உனக்கு வேறென்ன செடி தெரியும் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் இன்றைக்கு மலை ஏறுவதில்லை. நான் ஏறுகிறேன்.

எங்கள் அலமாரியில் ஒரு காட்டுக் காசித்தும்பை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்தது, காய்ந்து தேயிலைத் தூள் நிறத்தில் கிடக்கிறது. தலவாக்கலைப் பக்கத்து மலை என்று மட்டும் எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள், செடியும் போய்விட்டது என்று எல்லாரும் கணக்கை முடித்துவிட்டார்கள். நானும்தான்.

போன வருடம் ஒரு தோட்டத்துக்கு ஓடைக்கரைச் செடிகளைப் பார்க்கப் போனேன். பார்க்க ஒன்றுமில்லை. களைக்கு மருந்து அடித்து அடித்துத் தண்ணீர் விளிம்பு வரை மொட்டையாக்கி வைத்திருந்தார்கள். ஆத்திரத்தோடு மேலே ஏறினேன்.

உச்சியில் தேயிலைக்கு நடுவே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு கல். கவ்வாத்துச் சாமி. தேயிலையை ஒட்ட வெட்டுகிற கவ்வாத்து வேலை தொடங்கும் அன்று, யார் காலிலும் கத்தி படக்கூடாது என்று இந்தக் கல்லுக்குச் சேவல் அறுத்துக் கும்பிட்ட பிறகுதான் வெட்டத் தொடங்குவார்கள். கல்லைச் சுற்றிக் கொஞ்ச இடத்தில் மட்டும் கத்தியும் மருந்தும் படாது. பின்னால் பாறையில் நீர் கசிந்தது. கசிவில் பாசி. பாசியில் அந்தச் செடி.

குனிந்து பார்த்தேன். தண்டு கண்ணாடிபோல இருந்தது. உள்ளே நீர் நிற்பது வெளியே தெரிந்தது. விரல் நகமளவு வெள்ளைப் பூ, தொண்டையில் ஊதாக் கோடுகள், பின்னால் கொக்கிபோல வளைந்த வால். காய்ந்த தாளில் இதில் ஒன்றுகூட மிச்சமில்லை. சுற்றிலும் தேடினேன். அந்த ஒன்றைத் தவிர வேறு கிடையாது. ஒரு கிளை எடுத்தால் சாகாது என்று கத்திரியை எடுத்தேன்.

"ஏய், என்னா பண்றீங்க அங்க?"

கங்காணி. அவருக்குப் பின்னால் கொழுந்துக் கூடையோடு நாலைந்து பெண்கள்.

"ஒரே ஒரு கிளைதாண்ணே."

"ஒரு எலகூட முடியாது. இங்கன எதையும் பிய்க்கக் கூடாது. நாளைக்குக் கவ்வாத்து. எவன் காலாச்சும் வெட்டுப்பட்டா டீச்சரா வந்து கட்டுப் போடுவீங்க?"

"நான் டீச்சர் இல்ல."

"சப்பாத்தோட சாமிகிட்ட நிக்கிறீங்களே, அப்ப தொர பங்களாவுக்கு வந்த ஆளா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நானும் லயத்துப் புள்ளதாண்ணே."

"அப்ப ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்."

நான் விடவில்லை. "இந்தச் செடி இங்க இருக்குன்னு நான் காட்டாட்டி, நாளைக்கு லொறி ரோட்டு வெட்டுறோம்னு இந்தப் பாறையையே ஒடச்சிருவாங்க. ஒங்க சாமியையும் சேத்துத்தான். அப்ப யாரு கேக்கிறது?"

அவர் கல்லைப் பார்த்தார். "அப்ப சாமியவே கேட்டுருவோம். காலையில வாங்க."

காலையில் சப்பாத்தைக் கீழேயே கழற்றிவிட்டுப் போனேன். பூசை முடிந்ததும் கங்காணி இரண்டு பூக்களை நனைத்துக் கல்லின் உச்சியில் இரண்டு பக்கமும் ஒட்டினார். வலது பூ முதலில் விழுந்தால் எடுக்கலாம். பட்டம் வாங்கிய நான், ஒரு பூ எந்தப் பக்கம் விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடது பூ விழுந்தது.

"காத்து தள்ளிருச்சுண்ணே. இன்னொருக்கா வைங்க."

"கொழுந்து நிறுக்கிற தராசா இது, திரும்பத் திரும்ப வச்சுப் பாக்க?"

அவர்கள் வெட்டப் போய்விட்டார்கள். படமாவது பிடிக்கலாம் என்று ஈரத்தில் குப்புறப் படுத்தேன். அட்டை ஏறியது, ஏறட்டும். பனி விலகி வெயில் விழுந்தது. பூவுக்குக் கீழே பருத்த பச்சைக் காய் ஒன்று தொங்கியது. நான் தொடவில்லை. அதுவாகவே வெடித்தது. தோல் பட்டென்று சுருண்டது, விதைகள் என் முகத்தில் அடித்துத் துப்பட்டாவில் கொட்டின.

காசித்தும்பைக் காய் வெடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏன் வெடிக்கிறது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முகத்தில் அடி விழுந்தபோது அந்தப் படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். காடு முழுவதும் போன பிறகும், யாரும் பார்க்காத இந்த ஒரு முழ இடத்தில் வருடா வருடம் இது வெடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. செடிகளைக் காக்க எத்தனையோ சட்டம் போட்டார்கள். இதைக் காத்தது காலில் கத்தி படுமே என்ற பயம்.

துப்பட்டாவை ஏந்திக்கொண்டு கங்காணியிடம் ஓடினேன். "நான் பறிக்கலண்ணே. சத்தியமா."

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் கூடைக்காரிகளில் ஒருத்தி. "கேட்டப்ப இல்லன்னுட்டு இப்ப மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருக்கு. சாமிக்கும் இவங்க தொல்ல தாங்கல."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. விதைகளை விரலால் இரண்டாகப் பிரித்தார். "பாதிய அங்கனயே போட்டுட்டு, பாதியக் கொண்டு போங்க."

அப்படியே செய்தேன். வீட்டில் பாசிச் சட்டியில் போட்ட விதைகளில் பெரும்பாலானவை அழுகின. ஒன்று முளைத்தது. மழை பிடித்ததும் பூத்தது. அதில் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். விதை எடுத்த இடம் என்ற வரியில் தோட்டத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் கவ்வாத்துச் சாமி கல்லடி என்று எழுதியிருந்தேன்.

மேலதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார். விஞ்ஞானத் தாளில் சாமி எதற்கு, அதை அடித்துவிடுங்கள் என்றார்.

"வேற எங்க இருக்குன்னு எழுதச் சொல்றீங்க சேர்?" என்று கேட்டேன்.

அந்த வரியை அடிக்காமலே தாளை அலமாரியில் வைத்தேன்.