பேசி முடிக்கும்வரை

மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுகிற வாசனை. எங்கிருந்து வந்தாலும் எனக்குள் ஒரு சின்னப் பெண் வாயைத் திறந்து, சொல் வராமல் நிற்கிறாள். என் தங்கை.

அவளுக்குத் திக்கும். திருத்தங்கலில் எங்களுடையது தீப்பெட்டி ஒட்டும் வீடு. சீசன் என்றால் யார் பேசினாலும் கை நிற்காது. "த… த…" என்பாள். "தண்ணியா? மோந்து குடி தாயி" என்பாள் அம்மா, பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல். "தட்டான் பிடிக்கணுமா?" என்பார் அப்பா. பிரியமாகத்தான். பிள்ளை கஷ்டப்பட வேண்டாமென்று ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு முடித்து வைத்தோம். எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள்.

ஒண்ணாம் வகுப்பு டீச்சர் மட்டும் முடித்து வைக்கவில்லை. ஒன்றும் இரண்டும் ஒரே கூரைக்குள் என்பதால் நானும் பார்த்தேன். சேலை அழுக்காகுமே என்று பாராமல் தரையில் உட்கார்வார், அவள் முகத்துக்கு நேராகத் தன் முகம்.

"டீச்சர், லோடு லாரி ஸ்டார்ட் ஆகலை!" என்று ஒருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது.

"சும்மாருலே. அவ சொல்லுதா, நான் கேக்கேன்."

மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. வந்தது தண்ணீருமல்ல, தட்டானுமல்ல.

"த… தம்பிப் பாப்பா செத்துப் போச்சு டீச்சர்."

பிறந்த வாரத்திலேயே போய்விட்ட தம்பி. வீட்டில் யாரும் அவளிடம் வாய் திறக்காத சங்கதி. "அப்படியாம்மா" என்றார் டீச்சர், அவ்வளவுதான். அன்று மத்தியானம்வரை பேசினாள், என் தங்கை.

ஆனி மாசம் டீச்சருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் நல்லவர்தான், அவசரக்காரர். இவள் மறுபடி தலையாட்டத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் நின்றது, கல்யாணம் ஆனது, பேரன்கூட வந்துவிட்டான். இன்னும் தலைதான் ஆடுகிறது. என்னென்ன வைத்திருக்கிறாளோ உள்ளே! நானும் எதிரே போய் உட்கார்ந்து பார்த்தாயிற்று. காப்பி போடுகிற சாக்கில் எழுந்துவிடுகிறாள்.

டீச்சர் போன அன்று பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். விருதுநகர் பஸ். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். தங்கை "டீ… டீ…" என்றாள். கண்டக்டர் விசிலை எடுத்தார்.

"டீச்சரம்மா, ஏறுதீகளா, இல்ல நாளைக்கு வருதீகளா?"

டீச்சர் காலைக் கீழே இறக்கினார். "இருங்கண்ணே. பிள்ளை பேசுது."

பஸ்ஸே காத்திருந்தது.

"இனி நா… நான் யாருகிட்ட பேச?"