பச்சைத் திரை

தேனியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நான் சோதனையாளர். மற்றவர்கள் செய்து வைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை என்கிறது நியமனக் கடிதம். கண்டும் காணாமல் கையெழுத்துப் போடத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

திராட்சை விவசாயிகளுக்காக ஒரு செயலி செய்தோம். பூச்சிமருந்து அடித்த தேதியைப் பதிந்தால், விஷம் இறங்கிப் பழம் வெட்ட இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று காட்டும். அந்த நாள் முடியும்வரை திரை சிவப்பாக இருக்கும், முடிந்ததும் பச்சையாகிவிடும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். எங்கள் ஆபீஸில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான், அதையும் நாங்களே கெடுத்தோம்.

பணம் போட்டவர் ஒரு பூச்சிமருந்து வியாபாரி. அவர் கேட்கும் மாற்றங்கள் எழுத்தில் வராது, போனில்தான் வரும். எல்லாமே அவருக்குச் "சின்னச் சேஞ்சு". தன் போட்டோவை முகப்பில் வைக்கச் சொன்னார், வைத்தோம். அது போதவில்லை என்றார், பெரிதாக்கினோம். பிறகு இது:

"காலங்காத்தால போனத் தொறந்தா செவப்பா எரியுது. தோட்டம் வச்சிருக்க சம்சாரி பயந்துபோயி நம்ம மருந்தையே சந்தேகப்படுவான். எல்லாத்தையும் பச்சையாக்கிருங்க."

எங்கள் மேலாளர் போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினார். மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் 'இதனால் வரும் பாதிப்பு' என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி என் மேசைக்குத் தள்ளினார்.

"சார், வெட்டக் கூடாதுன்னு சொல்றதே அந்தச் செவப்புதேன்," என்றேன்.

"நாள் கணக்கு கீழ எழுத்துல இருக்குல்லம்மா. அவுக கேட்டதச் செஞ்சாச்சா, அத மட்டும் பாரு."

பார்த்தேன். திரை பச்சையாக இருக்கிறதா? இருக்கிறது. தேர்ச்சி. அன்று வெள்ளிக்கிழமை. வாதாடிக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும். பஸ்ஸுக்காகக் கையெழுத்துப் போட்டேன். மேலாளரைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, காமயகவுண்டன்பட்டியிலிருந்து சித்தப்பா ஒரு பை திராட்சையோடு வந்தார். என் மகள் பையைவிட்டு நகரவில்லை. பழத்தைக் கழுவிக்கொண்டே, "எப்ப மருந்து அடிச்சீக?" என்று கேட்டேன்.

"நாலு நா ஆச்சு. புது மருந்து. எத்தன நாளு பொறுக்கணும்னு நமக்கென்ன தெரியும்? ஒங்க ஆப்பப் பாத்தேன், பச்சை காட்டுச்சு. கீழ இருக்க எழுத்த யாரு படிச்சா? தோட்டம் பூராம் வெட்டியாச்சு. இப்பத்தேன் வண்டி குமுளிக்குக் கெளம்புச்சு."

நாலே நாளில் வெட்டலாம் என்கிற மருந்து எதுவும் எங்கள் செயலியின் பட்டியலில் இல்லை. மகள் கையிலிருந்த கொத்தைப் பிடுங்கினேன். அவள் அழுதாள். மேலாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு சேஞ்சு ரிக்வெஸ்ட் எழுதி வையிம்மா. திங்கக்கிழமை பாப்போம்."

போனை வைத்துவிட்டுச் சித்தப்பாவிடம் வண்டி டிரைவரின் நம்பரைக் கேட்டேன்.

"எதுக்கு ஆத்தா?" என்றார்.

மாதக்கணக்கில் அவர் வளர்த்த பழம் அந்த வண்டியில் இருந்தது. திருப்பிக் கூப்பிடச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பச்சைக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன்.