நோட்டில் ஏறிய அலட்சியம்

அகராதியில் அலட்சியம், அசட்டை, மெத்தனம் என்று எத்தனையோ சொற்கள் இருக்கலாம். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்றுதான்: அசால்ட்டு. குழாயைச் சரியாக மூடாவிட்டால் அசால்ட்டு. பால் பொங்கி வழிந்தால் அசால்ட்டு. கணக்கில் மார்க் குறைந்தாலும் அதேதான். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது அம்மா சொல்லுவாள். எனக்குக் காது மரத்துப்போயிருந்தது.

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் காண்டிராக்ட் ஆள். பர்மனெண்ட் ஆகிவிட்டால் டவுன்ஷிப் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று அம்மா சாமிக்கு நேர்ந்துகொண்டு காத்திருந்தாள். அப்பாவின் ஷிப்ட் சட்டையைத் தனி வாளியில்தான் ஊறவைப்போம். கரி மற்ற துணியில் ஏறிவிடும். அதற்கு முன் சட்டைப்பையைத் துழாவிப் பார்ப்பது என் வேலை. ஏழாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியைப் பார்த்தபடியே சட்டையை வாளியில் அமுக்கிவிட்டேன். அம்மா துவைக்க உட்கார்ந்தபோது அப்பாவின் கேட் பாஸ் கூழாகக் கையில் வந்தது. போட்டோவில் முகமே இல்லை.

“டிவியப் பாத்துகினு அசால்ட்டா இருந்திருக்கா பாரு!” என்றவள், அழுதே விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், “இவளையும் இட்டுகினு போங்க. புள்ள பண்ணதுன்னா சூப்பர்வைசர் விட்டுடுவாரு” என்றாள்.

சைக்கிளில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போனேன். சூப்பர்வைசர் வாசலிலேயே நிறுத்தி, அப்பா நீட்டிய கூழைப் பார்த்ததும், “பாஸை யாருய்யா தண்ணியில போட்டது?” என்று அதட்டினார். நான் அழ ஆரம்பித்தேன். அப்பா என் தோளில் கை வைத்தார்.

“நான்தாங்க. கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டேங்க.”

அவர் ஒரு தடித்த நோட்டை எடுத்து, அப்பா பெயருக்கு எதிரே ‘அலட்சியம்’ என்று எழுதினார். எங்கள் வீட்டுச் சொல் அங்கே மரியாதையான தமிழாகிவிட்டது. நான் தப்பித்தேன் என்று குதூகலம் எனக்கு. வழியில் அப்பா பலாச்சுளை வேறு வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: “நோட்லயா எழுதனாரு?” அப்பா கால் கழுவப் போனார். அம்மா வாளியை ணங்கென்று கீழே வைத்தாள்.

பர்மனெண்டுக்குப் பெயர் அனுப்பும்போது அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவார்கள் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அப்பா பொய் சொன்னதில்தான் அம்மாவுக்குக் கோபம் என்று எண்ணி, “பாவம்மா, ஒரே ஒரு பொய்தானே, விடும்மா” என்று அப்பாவுக்காக நான் பரிந்து பேசினேன்.