இடப்பக்கம் திருகினால் கூடும்

எங்கள் மைக்செட் கடையில் ஒரு பழைய ஆம்பிளிபயர் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதன் முகப்பில் இருக்கவேண்டிய கறுப்புக் குமிழ் இருக்காது. குமிழ் இருந்த இடத்தில் துருவேறிய இரும்புத் தண்டு ஒன்று சுண்டுவிரல் நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிங் பிளேயரால் இறுக்கிப் பிடித்தால்தான் அது திரும்பும். அதிலும் ஒரு கோளாறு. ஊர் உலகத்தில் எல்லாப் பெட்டியிலும் வலப்பக்கம் திருகினால் சத்தம் கூடும். இதில் இடப்பக்கம் திருகினால் கூடும். "ஒரு குமிழ் வாங்கிப் போட என்னய்யா ஆயிடும், இவ்ளோ கஞ்சத்தனமா?" என்று கேட்காத ஆள் சிதம்பரத்தில் இல்லை. கஞ்சத்தனமெல்லாம் இல்லை. குமிழை எடுத்துக்கொண்டு போனவர் திருப்பித் தரட்டும் என்று காத்திருக்கிறேன். எனக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. அவர் இன்னும் வரவில்லை.

அறுபதுகளில் இந்தக் கடை என்னுடையதல்ல. பரங்கிப்பேட்டைக்காரரான ஒரு பாயுடையது. நான் அவரிடம் மைக் கட்டப் போகும் ஆள். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருந்தவன். பெட்டியை பாயின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். ஒரு மழைக்காலத்தில் அது கெட்டுப்போக, பாய் தாமே பிரித்துப் பற்றவைத்தார். இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டன. நான் சுட்டிக்காட்டியபோது, "முன்னால போனா என்னா, பின்னால போனா என்னா தம்பி? சத்தம் வருதா இல்லியா? அல்ஹம்துலில்லாஹ்னு கட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். எனக்கும் கை அதற்கே பழகிவிட்டது.

என் வீரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் யாரும் ஏமாறக்கூடாது. தேர்த் திருவிழாவில் அதிர்வேட்டு போட்டால் நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும் ரகம். போலீஸ்காரர் சைக்கிளில் எதிரே வந்தால், ஒரு தப்பும் செய்யாமலே இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். கூட்டம் தொடங்குமுன் என் வயிறு ஒரு தடவை கலக்கும். முடிந்த பிறகு, எல்லாம் நல்லபடி நடந்ததே என்ற பயத்தில் இன்னொரு தடவை கலக்கும்.

மைக் கட்டுகிறவனுக்கு அரசியல்வாதிகளை முதுகுப் பக்கமிருந்து தெரியும். எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ.வை எனக்கு மிகவும் பிடிக்கும். மறைத்து என்ன பயன்? அவரைப் பிடிக்காமல் இருக்க முடியாது. மேடைக்கு வந்ததும் என் தோளில் கையைப் போட்டு, "இன்னா மச்சான், புள்ள குப்புற வுழுந்துட்டானா?" என்று கேட்பார். என் பிள்ளைக்கு என்ன வயது என்று என் மாமனாருக்கே நிச்சயமாகத் தெரியாத காலம் அது. குரலோ வெண்கலம். அவருக்கு மைக்கே தேவையில்லை, குறைத்துவைத்தால் போதும். பேசும்போது கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எந்த முகம் சிரிக்கவில்லையோ அந்த முகத்துக்கு ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுத்தான் அடுத்த விஷயத்துக்குப் போவார்.

கீரப்பாளையம் பக்கத்துப் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் அவருடைய கட்சிதான். ஆனால் சேர்மனை யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. சிடுமூஞ்சி. மூக்குப்பொடி போட்டுப் போட்டு நெஞ்சில் பாதி பழுப்பான சட்டை. மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, தம் சொந்தச் சட்டைப் பொத்தானுக்குச் சொல்வதுபோல் பேசுவார். குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. "கிட்ட வாங்கய்யா" என்று சைகை காட்டினால், "உன் மிஷினத் தூக்கிக்கினு நீ கிட்ட வா" என்பார். அவர் பேச எழுந்தால் ஜனங்கள் வெற்றிலை போடப் போய்விடுவார்கள். அவரும் ஜனங்களைப் பார்த்துப் பேச மாட்டார். கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிற வரப்பை, வாய்க்காலை, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

அந்த வாய்க்காலில்தான் வந்தது வினை. மழைக்காலத்தில் அது ஆறு மாதிரி போகும். அதற்கு இரண்டு துறைகள்: மேலத்துறை, கீழத்துறை. மேலத்துறைக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்புக்கு மழை வந்துவிட்டால் வெளியுலகம் கிடையாது. முந்தின வருடம் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நாலு பேர் கழுத்தளவு தண்ணீரில் வந்தார்கள். பெண் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அதன்பிறகு யூனியன் கூடி, மேலத்துறையில் பாலம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் கடலூருக்குப் போனது, சென்னைக்குப் போனது. திரும்பி வந்தபோது பாலம் கீழத்துறைக்கு நகர்ந்திருந்தது. கீழத்துறைக்கு எதிரே எம்.எல்.ஏ.வின் மைத்துனருடைய நெல் அரவை மில் இருந்தது என்பதைத் தவிர அந்த இடத்துக்கு வேறு பெருமை கிடையாது.

அடிக்கல் நாட்டு விழா கீழத்துறையில். பந்தல், வாழைமரம், பெயர்கள் செதுக்கிய கல், எல்லாம் தயார். கல்லில் எம்.எல்.ஏ.வின் பெயருக்குக் கீழே சேர்மனின் பெயரும் இருந்தது. மேலத்துறைக்காரர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் ஒரு ஒலிபெருக்கிக் குழாயைச் சாலையைப் பார்த்துக் கட்டினேன். இன்னொன்றுக்கு வாய்க்கால் கரைப் பனையைத் தவிர வேறு மரம் கிடைக்கவில்லை. அதில் கட்டியபோது குழாயின் வாய் தானாக மேலத்துறைப் பக்கம் திரும்பிக்கொண்டது. இதிலும் என் புத்திசாலித்தனம் ஒன்றும் கிடையாது.

சேர்மனை வரவேற்புரைக்கு அழைத்தார்கள். வழக்கம்போல ஜனங்கள் எழுந்து காலை உதறினார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பொத்தானைப் பார்த்து ஆரம்பித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கல்லு தப்பான எடத்துல நிக்கிது."

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. மேடையில் எம்.எல்.ஏ.வுக்கும் கேட்டது. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் நாற்காலிக்குக் கீழே இறங்கி, விரல்களால் எதையோ அணைப்பதுபோல் எனக்குச் சைகை காட்டியது. குறை, நிறுத்து.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்ய முடியவில்லை. கை குமிழுக்குப் போகவேண்டும் என்று மூளை சொல்கிறது. கை, நீ வேண்டுமானால் போ, எனக்கென்ன என்கிறது. நான் சும்மா இருப்பதைப் பார்த்து, எம்.எல்.ஏ.வின் கூடவே திரியும் ஒரு தடித்த ஆள் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தார். "செவுடா நீ? கொறைடான்னா!" என்று என்னைத் தள்ளிவிட்டுக் குமிழைப் பிடித்து, இடப்பக்கமாக ஒரே முறுக்கு, கடைசி வரைக்கும்.

"...கீழத்துறையில பாலம் வந்தா எனக்கு லாபந்தான்!" என்று வானத்திலிருந்து ஒரு குரல் இடித்தது.

சேர்மனே திடுக்கிட்டு மேலே பார்த்தார். அவ்வளவு வருடப் பொதுவாழ்வில் தம் குரலை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். வாழைமரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. தடித்த ஆள் பயந்துபோய் இன்னும் இடப்பக்கமே முறுக்க, குமிழ் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. மிச்சம் நின்றது வழுக்குகிற இரும்புத் தண்டு. "பிளேயர் எங்கடா, பிளேயர்?" பிளேயர் என் தொடைக்கு அடியில் இருந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றே மறைத்தேன் என்று பிற்காலத்தில் ஊர் பேசியது. எழுந்திருக்கக் கால் வரவில்லை என்பதுதான் உண்மை. அவர் பாட்டரிக் கம்பியைப் பிடுங்கக் குனிந்தார். "தொடாதீங்கண்ணே, ஷாக் அடிச்சிடும்!" என்று கத்தினேன். அந்தப் பாட்டரி ஒரு எறும்பைக்கூடக் கொல்லாது. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்; அவரும் பயத்தில் நம்பிவிட்டார். பயந்தவர்கள் இருவர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தோம்.

இவ்வளவு நேரமும் சேர்மன் பேசிக்கொண்டே இருந்தார். "என் வயலும் இந்தாண்டதான் கெடக்கு. என் வண்டியும் சுத்திக்கினு போவாம நேரா போவும். மில்லுக்கும் லாபம். அதனாலதான் சொல்றேன், இங்க வாணாம். யூனியன் தீர்மானம் போட்டது மேலத்துறைக்கு. அங்க ஒரு கொழந்தைய நாம வுட்டுட்டோம். இன்னொண்ண வுட மாட்டோம். இந்தக் கல்லுல எம்பேரு இருக்குது. அத மொதல்ல அழிங்க." பேச்சு அவ்வளவுதான். போய் உட்கார்ந்து பொடி போட்டுக்கொண்டார்.

எம்.எல்.ஏ. எழுந்து வேடிக்கையாக ஏதோ தொடங்கினார். அதற்குள் வாய்க்கால் கரையோடு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். மேலத்துறைக்காரர்கள். தண்ணீர்மேல் சத்தம் நன்றாகப் போகும். வயலில் நின்றவர்கள் நின்றபடியே, முழங்கால் சேற்றோடு வந்தார்கள். முன்னால் ஒரு பெண். நேரே போய் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அன்று யாரும் எந்தக் கல்லையும் நாட்டவில்லை.

மறுவாரம் கடலூருக்கு வரச்சொல்லி எனக்கு ஆணை வந்தது. ஒலிபெருக்கியால் அமைதிக்குப் பங்கம், அனுமதியை ரத்துசெய்யலாமா என்று விசாரணை. நான் வீட்டில் மனைவியிடம் சாகப்போகிறவன்போல் விடைபெற்றேன். "குழந்தையை நல்லா படிக்க வை" என்று சொன்னதாக ஞாபகம். அவள், "வரும்போது மஞ்சக்குப்பத்துல நல்ல மீனு கெடைச்சா வாங்கியா" என்றாள். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரத்தில் சேர்மன். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கடலூர் போகும்வரை என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். அதிகாரி முன்னால் போனதும், "பேசுனது நானு. சத்தத்துக்கும் நாந்தான் பொறுப்பு. இவன எதுக்குக் கூப்டீங்க? இவன் கைய பாருங்க, எப்டி ஆடுதுன்னு. இந்தக் கையால எதையாச்சும் திருவ முடியுமா?" என்றார். அதிகாரி என் கையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பப்பட்டார் என்று எழுதினார். என் வாழ்க்கையில் என் நடுக்கம் சாட்சி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது கேட்டேன், "சேர்மன் பதவி போயிடுமேய்யா?"

"நாக்காலி யூனியனோடது. பாலம் மேலத்துறைக்காரங்களோடது. என் ஆஸ்தி இந்தப் பொடி டப்பா ஒண்ணுதான். அத எவன் புடுங்குவான்?" என்றார். பிறகு, "உன் மிஷினு அன்னிக்கி ஏன் அப்டி கத்துச்சி?" என்றார். சொன்னேன். அந்தச் சிடுமூஞ்சி சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பொடி புரையேறி, கண்டக்டர் வந்து முதுகைத் தட்டவேண்டியதாயிற்று.

பதவி போய்த்தான் விட்டது. அடுத்த தேர்தலில் சொந்த ஊரே அவரைத் தோற்கடித்தது. வீட்டு வாசலுக்கு வந்த பாலத்தைத் துரத்திவிட்டவருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? பாலம் மேலத்துறையில் வந்தது. திறந்துவைத்தவர் எம்.எல்.ஏ. கல்லில் அவர் பெயர் மட்டும். தாம் போராடிப் பெற்ற பாலம் என்று வெண்கலக் குரலில் ஒரு மணிநேரம் உருகினார். சேர்மன் அழைப்பு இல்லாமலே வந்து, தரையில் சேற்றுக்கால்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்து என்னிடம் வந்தார். "சத்தம் ஜாஸ்தியா இருக்குய்யா. கைப்புள்ளைங்கல்லாம் முழிச்சிக்கிதுங்க, கொஞ்சம் கொறை" என்றார். உடனே குறைத்தேன். அன்று என் கை நடுங்கவில்லை.

அரசியல்வாதிகள் எல்லாரும் ஒன்றுதான் என்று இப்போது டீக்கடையில் பேசுகிறார்கள். என் முன்னால் பேசினால் சண்டைக்குப் போவேன். அடிக்கு பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுவேன், ஆனாலும் போடுவேன். எல்லாரும் ஒன்றாக இருந்தால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பேச்சு எம்.எல்.ஏ. ரகத்துக்கு நாம் இலவசமாக எழுதித்தரும் நற்சான்றிதழ். நான் இரண்டு பேருக்கும் ஒரே மைக்கைப் பிடித்தவன். ஒருவர் ஜனங்களைச் சிரிக்கவைத்துவிட்டுத் தம் காரியத்தைப் பார்த்தார். இன்னொருவர் யாரையும் சிரிக்கவைக்காமல், தமக்கு வந்த லாபத்தை ஊரறியத் தாமே போட்டுடைத்தார். இரண்டும் ஒன்று என்று என்னிடம் சொல்ல யாராலும் ஆகாது.

போன மாதம் கீழவீதிப் பக்கம் ஒரு குறைகேட்கும் கூட்டம். தலைவர்கள் பேசி முடித்ததும் ஓர் அம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, அதற்கு ஒதுக்கிய பணத்தில் யார் வீட்டுக்கு மாடி வந்தது என்று கேட்க ஆரம்பித்தாள். குரல் சன்னம், மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் ஓடிவந்தான். "அண்ணே, கொறைங்கண்ணே, சீக்கிரம்!"

கை ஆடியது. இத்தனை வருடத்தில் என்னிடம் எதுவும் மாறவில்லை.

"எனக்குக் கை நடுங்குது தம்பி" என்றேன், சத்தியமான வார்த்தை. "நீயே கொறைச்சிக்க. இடதுபக்கம், நல்லா அழுத்தித் திருவு."

பிளேயரை அவன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடை வீதிக்கோடியில் இருந்தது. அங்கே நின்று அந்த அம்மாள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.